விபத்துக் கணக்கு யார் கையில்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய பேச்சு)



கூலிக் கணக்கு நமக்கு நன்றாகத் தெரியும். சம்பளச் சீட்டில் ஒரு நாள் குறைந்திருந்தால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வராது. போனஸ் 8.33 சதவீதமா, அதற்கு மேலா என்று கேட்டு மில் வாசலில் வெயிலில் நிற்கிறோம். நடவுக் கூலியில் பத்து ரூபாய் குறைத்தால் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். இந்தக் கணக்குகளை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் கற்றுத் தரவில்லை. வயிறு கற்றுக் கொடுத்தது.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. சென்ற வருஷம் நம் மில்லில் எத்தனை பேருக்கு விரல் நசுங்கியது? எந்த யந்திரத்தில்? எந்த ஷிப்டில்? கார்டிங் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களில் எத்தனை பேர் இன்று நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்காருகிறார்கள்? நம் ஊரில் மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்தவர்கள் எத்தனை பேர்? பாம்பு கடித்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளுக்கு நம்மில் எத்தனை பேர் பதில் சொல்ல முடியும்?

மில் நிர்வாகத்திடம் ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. சர்க்கார் ஆபீஸில் ஒரு பைல் இருக்கிறது. உடம்பைக் கொடுத்த நம்மிடம் மட்டும் ஒன்றும் இல்லை. இந்தக் கணக்கு எதற்குப் பயன்படும், யார் எழுதினால் எப்படி மாறும், இதை வைத்து வேலையிடத்தை எப்படிச் சீர்படுத்தலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

கேள்வி கேட்ட வைத்தியர்

இது புதிய விஷயம் அல்ல. 1700-ம் ஆண்டில் இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற வைத்தியர் தொழிலாளிகளின் நோய்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நோயாளி வந்தால் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று வைத்தியர்கள் கேட்பார்கள். இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார் அவர்: ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ அந்த ஒரு கேள்வியில்தான் இந்தத் துறை முழுவதும் பிறந்தது.

பிறகு இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகின. 1833-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள். 1844-ம் ஆண்டுச் சட்டம் யந்திரங்களுக்கு வேலி போட வேண்டும், விபத்து நடந்தால் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்த இன்ஸ்பெக்டர்களில் லெனார்ட் ஹார்னர் என்பவர் அஞ்சாமல் எழுதினார். அவரும் மற்றவர்களும் எழுதிய அறிக்கைகளை லண்டனில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தவர் காரல் மார்க்ஸ். 1867-ல் வந்த ‘மூலதனம்’ நூலில் வேலை நேரம் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினால் அந்த அறிக்கைகளே சாட்சியாக நிற்பதைக் காணலாம். முதலாளியின் சர்க்கார் எழுதிய கணக்கை எடுத்து முதலாளித்துவத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1880-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். உன் ஆலையில் காற்றோட்டம் எப்படி? தூசி உண்டா? யந்திரத்துக்குத் தடுப்பு உண்டா? நீ பார்த்த விபத்துகள் எவை? இன்ஸ்பெக்டர் எழுதியது போதாது, தொழிலாளியே எழுத வேண்டும் என்பது அதன் பொருள். நாம் இன்று பேசுவதும் அதையேதான்.

லீவு முடிந்த மறுநாள்

பஞ்சுத் தூசியை எடுத்துக்கொள்வோம். ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்யும் தோழர்களுக்கு இது விளக்கம் வேண்டாத விஷயம். இங்கிலாந்தில் கே என்ற டாக்டர் 1831-லேயே நூற்பாலைத் தொழிலாளிகளின் மார்பு நோயைப் பற்றி எழுதிவிட்டார். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல் அதை ஆஸ்துமா என்றார்கள், சாதாரண இருமல் என்றார்கள், புகை பிடித்ததால் வந்தது என்றார்கள்.

1950-களில் ஷில்லிங் என்ற டாக்டர் லங்காஷயர் ஆலைகளில் தொழிலாளிகளிடம் போய் உட்கார்ந்து ஒரே மாதிரியான கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டார். மார்பு இறுகுகிறதா? எந்தக் கிழமையில்? பதில்கள் ஒன்றுபோல வந்தன: திங்கட்கிழமை. ஞாயிறு விடுமுறை. திங்கள் மறுபடி தூசிக்குள் நுழைந்ததும் மார்பு இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. செவ்வாய், புதனில் கொஞ்சம் தணிகிறது. வருஷங்கள் ஓட ஓட அது மற்ற நாட்களுக்கும் பரவுகிறது. கடைசியில் எல்லா நாளும் திங்கட்கிழமையாகி, நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடுகிறது. இதன் பெயர் பிஸினோசிஸ். ஷில்லிங் அந்தப் பதில்களை வைத்து நோயைப் படிகளாகப் பிரித்தார். எந்தப் படியில் இருக்கும்போது தூசியிலிருந்து மாற்றினால் ஆள் பிழைப்பார், எந்தப் படிக்குப் பிறகு மீள முடியாது என்பது அதனால் தெளிவாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த முதல் கேள்விக்கு யந்திரம் வேண்டியதில்லை, ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. ‘எந்தக் கிழமை?’ என்ற கேள்விக்குக் காசு செலவில்லை. ஆனால் ஒருவரிடம் கேட்டால் அது இருமல். நூறு பேரிடம் கேட்டு எழுதினால் அது நோய். நஷ்ட ஈட்டுக்கு உரிய தொழில் நோய். தனித்தனியாக இருந்தால் புலம்பல், சேர்த்து எழுதினால் சாட்சி. நம் மில்களில் வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாக மாறி மாறி வருகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது திங்கட்கிழமை அல்ல. ‘லீவு முடிந்து வந்த முதல் நாள் மார்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஓய்வு பெற்ற மில் தொழிலாளிகள் 1975-ல் ‘பழுப்பு நுரையீரல் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கி, முகாம் போட்டு ஒருவருக்கொருவர் மூச்சுப் பரிசோதனை நடத்திப் பட்டியல் எடுத்தார்கள். 1978-ல் அந்நாட்டு சர்க்கார் பஞ்சுத் தூசிக்கு வரம்பு வைத்தது. நூல் நூற்கும் பிரிவில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது. ஆலை அதிபர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தூசியை உறிஞ்சும் மூடிய யந்திரங்கள் வந்தன. நோய் வெகுவாகக் குறைந்தது. புதிய யந்திரங்கள் வேகமாகவும் ஓடின. அதிபர்கள் பயமுறுத்திய அளவுக்குச் செலவும் ஆகவில்லை.

பேனா யார் கையில்?

கணக்கு என்றால் உண்மை என்று நம்பிவிடக் கூடாது. அதை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும்.

1931-ல் அமெரிக்காவில் ஹைன்ரிக் என்பவர் விபத்துத் தடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள். 75,000 விபத்துகளைப் பார்த்ததாகவும், அதில் நூற்றுக்கு 88 தொழிலாளியின் தவறான செய்கையால் நடந்ததாகவும், 10 தான் யந்திரம், இடம் முதலியவற்றின் கோளாறு என்றும் சொன்னார். உலகம் முழுவதும் சூப்பர்வைசர்கள் இன்றும் இதையே பாடுகிறார்கள்: ‘எல்லாம் உங்கள் அஜாக்கிரதை.’

அந்த 75,000 எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பைல்களிலிருந்து. பெரும் பகுதி ஆலை நிர்வாகங்களின் பதிவுகளிலிருந்து. அதை எழுதியவர் போர்மன். கைபோன தொழிலாளியிடம் யாரும் கேட்கவில்லை. தடுப்புத் தகட்டைக் கழற்றி வைக்கச் சொன்னது யார், யந்திரத்தை நிறுத்தாமல் சுத்தம் செய்யச் சொன்னது யார், இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கச் சொன்னது யார் என்ற கேள்விகள் அந்தப் பாரத்தில் இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் பதில் எப்படி இருக்கும்?

நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நீண்ட காலம் அமலில் இருந்தது. அதற்குப் பதிலாக 2020-ல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. காயம்பட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் முதலாளி சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. இதில் நடக்கும் தந்திரம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. கையில் கட்டுப் போட்டவரை மறுநாளே ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். ‘வேலை செய்ய வேண்டாம், வந்து உட்கார், ஹாஜர் போட்டுக்கொள்’ என்கிறார்கள். அவருக்கு அது தயவு போலத் தோன்றுகிறது. ஆனால் 48 மணி நேரம் கடக்கவில்லை. ஆகவே விபத்தே நடக்கவில்லை! இன்னொரு இடத்தில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் தனியார் நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போய், ‘வீட்டில் விழுந்தேன் என்று சொல்’ என்கிறார்கள். காண்டிராக்ட் தொழிலாளி என்றால் பேச்சே இல்லை. மறுநாள் அவர் பெயரே மஸ்டரில் இருக்காது.

சில ஆலைகளின் வாசலில் ‘விபத்தில்லாத 200-வது நாள்’ என்று போர்டு வைத்திருப்பார்கள். 365 நாள் ஆனால் ஆளுக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு. 300-வது நாளில் ஒருவருக்கு நகம் பிய்ந்தால் என்ன ஆகும்? அவர் பக்கத்துத் தொழிலாளிகளே ‘வெளியே சொல்லாதே, பரிசு போய்விடும்’ என்பார்கள். காயம் குறையவில்லை, காகிதம்தான் சுத்தமாகிறது. சொல்பவரைத் தண்டித்தாலும் சரி, சொல்லாதவருக்குப் பரிசு கொடுத்தாலும் சரி, கணக்கு பொய்யாகிவிடும். பொய்க் கணக்கை வைத்து எந்த விபத்தையும் தடுக்க முடியாது.

புதிய சட்டத் தொகுப்பைப் பற்றி இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சக்தியில் ஓடும் இடத்தில் முன்பு 10 தொழிலாளர் இருந்தால் அது சட்டப்படி தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். பாதுகாப்புக் கமிட்டி 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலைகளில்தான், அபாயகரமான தொழில் என்றால் 250-லிருந்து. சிறிய பட்டறைகளில் யார் எண்ணுவது? நாம் எண்ணாவிட்டால் யாரும் எண்ணப் போவதில்லை.

கணக்கைப் படிக்கும் விதம்

எழுதினால் மட்டும் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு மில்லில் 600 தொழிலாளிகள். வருஷத்தில் 12 காயங்கள். இன்னொரு மில்லில் 150 பேர், 6 காயங்கள். எது மோசமான மில்? பார்வைக்கு 12 பெரிது. ஆனால் நூறு பேருக்கு எத்தனை என்று வகுத்தால் முதல் மில்லில் 2, இரண்டாவதில் 4. இரண்டாவதுதான் இரு மடங்கு மோசம்.

இன்னும் உள்ளே போவோம். முதல் மில்லில் 400 பேர் நிரந்தரம், 200 பேர் காண்டிராக்ட். 12 காயங்களில் 4 நிரந்தரத் தொழிலாளிகளுக்கு, 8 காண்டிராக்ட் தொழிலாளிகளுக்கு. அப்படியானால் நிரந்தரத்தில் நூற்றுக்கு 1, காண்டிராக்டில் நூற்றுக்கு 4. மில் ஒன்றுதான், கூரை ஒன்றுதான். ஆனால் அபாயம் ஒரே அளவு அல்ல. பயிற்சி தராமல் யந்திரத்தில் நிறுத்தப்படுவது யார், கெட்ட வேலைக்கு முதலில் அனுப்பப்படுவது யார் என்று இந்த ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடும். ஆகவே எந்தக் கணக்கையும் பிரித்துப் பாருங்கள்: பிரிவு வாரியாக, ஷிப்டு வாரியாக, மணி வாரியாக, ஆண் பெண் வாரியாக, நிரந்தரம், பதிலி, காண்டிராக்ட் வாரியாக.

இரத்தம் வந்த பிறகு எழுதும் கணக்கு ஒன்று. இரத்தம் வருவதற்கு முன்பே எழுதும் கணக்கு இன்னொன்று. பெல்ட் அறுந்து விழுந்தது, யாரும் அடியில் இல்லை. கை உள்ளே போகப் பார்த்தது, சட்டை கிழிந்ததோடு போயிற்று. இவற்றை ‘சாமி காப்பாற்றியது’ என்று சொல்லி மறந்துவிடுகிறோம். இதை எழுதுங்கள். இன்று தப்பியவர் அதிர்ஷ்டசாலி. நாளை அதே இடத்தில் நிற்பவர் அப்படி இருக்க மாட்டார். கழற்றி வைத்த தடுப்பு எத்தனை, அணையாமல் எரியும் அபாய விளக்கு எத்தனை, மூட்டை அடுக்கி மறித்த வாசல் எத்தனை, புகார் கொடுத்து எத்தனை நாளில் சரி செய்தார்கள், இவையெல்லாம் முன்கூட்டியே எழுதக்கூடிய கணக்குகள்.

கணக்கு எழுதி ஓர் அபாயத்தைக் கண்டுபிடித்தால் அடுத்தது என்ன? நிர்வாகம் முதலில் நீட்டுவது மூக்குத் துணி. அது கடைசிப் படி. முதல் படி, அபாயத்தையே நீக்க முடியுமா என்று பார்ப்பது. இரண்டாவது, அதற்குப் பதில் அபாயம் குறைந்ததைப் போட முடியுமா என்பது. மூன்றாவது, மூடி போடுவது, தூசியை உறிஞ்சுவது, தடுப்பு வைப்பது. நான்காவது, வேலை முறையை மாற்றுவது. இவ்வளவும் செய்த பிறகும் மிச்சம் இருப்பதற்குத்தான் மூக்குத் துணியும் கையுறையும். செய்த பிறகு நிறுத்திவிடாமல் மறுபடி எண்ண வேண்டும். எண் குறைந்ததா? குறையவில்லை என்றால் செய்த வேலை கண் துடைப்பு.

விரிசலைப் பார்த்தவர்கள்

வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டிடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் விரிசல் தெரிந்தது. கட்டிடம் ஆபத்தானது என்று இஞ்சினியர் சொன்னார். கீழ்த்தளத்தில் இருந்த பாங்கு தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மாடிகளில் தையல் வேலை செய்தவர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டினார்கள். ஏப்ரல் 24 காலை கட்டிடம் இடிந்தது. 1,134 பேர் மாண்டார்கள். விரிசல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தெரிந்ததை வைத்து வேலையை நிறுத்தும் உரிமைதான் தொழிலாளியிடம் இல்லை.

போபாலும் அப்படித்தான். 1984 டிசம்பர் 2 இரவு திடீரென்று வந்த சாபம் அல்ல அது. 1982-லேயே தாய்க் கம்பெனியின் சொந்த நிபுணர் குழு அமெரிக்காவிலிருந்து வந்து குறைகளைப் பட்டியல் போட்டது. அதே வருஷம் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் ஊருக்கே எச்சரிக்கை எழுதினார். 1984-ல் விஷ வாயுவைக் குளிர வைக்கும் யந்திரத்தை நிறுத்தி வைத்தார்கள். கணக்கு இருந்தது, பூட்டி வைத்த அறையில் இருந்தது. பூட்டிய கணக்கு யாரையும் காப்பாற்றாது.

ராணா பிளாசாவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 மே மாதம் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் 200-க்கு மேற்பட்ட துணிக் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மீறினால் சட்டப்படி கேட்கக்கூடிய ஒப்பந்தம். சுமார் 1,600 ஆலைகளைப் பரிசோதித்தார்கள். முதல் சுற்றிலேயே 80,000-க்கு மேல் குறைகள். எந்த ஆலையில் என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரி செய்ய வேண்டும், எத்தனை சரியாயிற்று என்பதை ஆலையின் பெயரோடு வெளியிட்டார்கள். திருத்தாத ஆலைக்கு ஆர்டர் இல்லை. பெரும்பாலான குறைகள் திருத்தப்பட்டன. முன்பும் அங்கே பரிசோதனைகள் நடந்தன, ரகசியமாக நடந்தன. கணக்கு வெளிச்சத்துக்கு வந்ததும், அதன் பின்னால் சங்கம் நின்றதும், மீறினால் நஷ்டம் என்று ஆனதும்தான் வித்தியாசம்.

வயலில் யார் எண்ணுகிறார்கள்?

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கேட்கலாம்: ‘மில்லிலாவது ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது. எங்களுக்கு?’ நியாயமான கேள்வி.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் ஆஸ்பத்திரிக் கணக்கை வைத்துத்தான் சாவை எண்ணினார்கள். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே செத்தவர் கணக்கில் இல்லை. வீடு வீடாகப் போய் ‘உங்கள் வீட்டில் யார், எப்படி இறந்தார்’ என்று கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியாயிற்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் மாண்டதாக அது மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஏறத்தாழ பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். வாசலில் நின்று கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடி கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக ஆக்கப்பட்டது. எண்ணினால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எவ்வளவு வேண்டும், எந்த ஊரில் பூட்ஸும் டார்ச் விளக்கும் வேண்டும் என்று கேட்க முடியும்.

பூச்சி மருந்து அடுத்தது. 1958-ல் கேரளத்தில் பாலிடால் கலந்த மாவைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுகளின் விளைவாகவே 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. விஷம் ஏறிய சம்பவங்களை அறிவிக்கச் செய்யும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் மாநில சர்க்காருக்குத் தரப்பட்டது. அப்படி இருந்தும் 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

மருந்து அடிக்கும் தோழர்கள் டப்பாவின் மேலுள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. யாருக்காவது கண்ணில் நீர், வாயில் எச்சில், வியர்வை, வாந்தி, கண் பாப்பா சுருங்குவது என்று கண்டால் ஆளோடு டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தருவார். அந்தப் பெயரை நம் நோட்டிலும் எழுதுங்கள். ஒரே மருந்தின் பெயர் மூன்றாவது தடவை வரும்போது அந்த மருந்து நம் ஊருக்கு வேண்டாம் என்று மகஜர் கொடுக்கலாம்.

உற்பத்தி கூடுமா? யாருக்கு?

‘பாதுகாப்பு என்று பேசினால் உற்பத்தி படுத்துவிடும்’ என்று முதலாளிகள் சொல்வார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் நாட்டில் கரும்பு வெட்டும் தொழிலாளிகளுக்கு நடு வயதிலேயே சிறுநீரகம் கெட்டுப்போகிறது. கொளுத்தும் வெயிலில் ஓய்வில்லாமல் வெட்டுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அங்கே எடுத்த கணக்குகள் காட்டின. அங்கே ஒரு குழுவினருக்கு முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம், குறித்த நேரத்தில் ஓய்வு, கூடவே மேலான வெட்டுக்கத்தி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாளுக்கு ஒருவர் வெட்டியது 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது. இந்த முடிவு 2016-ல் வெளிவந்தது. கத்தியும் மாறியதால் நிழலும் தண்ணீரும் மட்டுமே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ஓய்வு கொடுத்தால் வேலை குறையும் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

முதலாளிகளில் ஒருவரின் சாட்சியமே உண்டு. 1987-ல் அமெரிக்காவின் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்குத் தலைவராக வந்த பால் ஓநீல், முதல் கூட்டத்தில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளியின் காயத்தைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் திகைத்தார்கள். அப்போது அந்தக் கம்பெனியில் வேலை நாள் இழக்கும்படியான காயம் நூறு தொழிலாளருக்கு 1.86. 2000-ல் 0.2. அதற்குள் கம்பெனியின் லாபம் பல மடங்காகியிருந்தது. ஒரு காயம் ஏன் நடந்தது என்று தேடிப் போனால் எந்த யந்திரம் கெட்டிருக்கிறது, எந்த வேலை முறை தப்பு என்பது தெரிந்துவிடும். அதைத் திருத்தினால் வீணாவதும் குறையும்.

இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். வெட்டுவது 5.1 டன்னிலிருந்து 7.3 டன் ஆனால், கூடிய 2.2 டன் யாருக்கு? டன்னுக்கு உள்ள கூலியைக் குறைத்துவிட்டால் தண்ணீர்ப் பையின் விலையை நாமே கொடுத்ததாகிவிடும். யந்திரத்தின் வேகம் கூடினால் ஒருவர் தலையில் கட்டும் பிரேம்களின் எண்ணிக்கையும் கூடும். ஆகவே பாதுகாப்பை நாம் கேட்பது உற்பத்தி கூடும் என்பதற்காக அல்ல; உயிர் நம்முடையது என்பதற்காக. உற்பத்தி கூடினால் அதில் நம் பங்கை வேறு பேச்சுவார்த்தையில் கேட்போம். இரண்டையும் ஒன்றோடொன்று விற்கக் கூடாது.

டூரின் தொழிலாளிகள் போட்ட படம்

1960-களில் இத்தாலியின் டூரின் நகரத்தில் மோட்டார் ஆலைத் தொழிலாளிகள் ஐவார் ஒட்டோனே என்ற டாக்டருடன் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். தங்கள் ஆலையின் படத்தைத் தாங்களே வரைந்தார்கள். அபாயங்களை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்று, வெளிச்சம், சத்தம், சூடு, ஈரம். இரண்டு, தூசி, புகை, வாயு. மூன்று, உடம்பை வருத்தும் பாரம். நாலு, வேகம், ஒரே மாதிரி வேலை, மேலதிகாரியின் நெருக்கடி. எந்த இடத்தில் எந்த அபாயம் என்று வட்டம் போட்டார்கள். அபாயம் பெரிதானால் வட்டமும் பெரிது. ஒரே இடத்தில் ஒரே வேலை செய்யும் குழு உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டதே முடிவு. தங்கள் உடம்பைப் பற்றிய தீர்ப்பை வேறு யாரிடமும் ஒப்படைக்க மாட்டோம் என்றார்கள். ‘தூசிப் படி’ என்று நாலு காசு கூட்டித் தருகிறோம் என்ற நிர்வாகங்களுக்கு ‘ஆரோக்கியம் விற்பனைக்கு அல்ல’ என்று பதில் சொன்னார்கள். 1970-ல் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 9-வது பிரிவில், பாதுகாப்பு விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று தங்கள் பிரதிநிதிகள் மூலம் கண்காணிக்கும் உரிமை எழுதப்பட்டது. எழுத்தறிவு குறைந்தவர்களும் வட்டம் போடலாம், தோழர்களே. அதுதான் இந்த முறையின் பலம்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு பிரிவுக்கும், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு நோட்டு. தேதி, மணி, இடம், செய்த வேலை, என்ன நடந்தது, எத்தனை நாள் கூலி போயிற்று, எங்கே சிகிச்சை, நிர்வாகம் அல்லது நிலச்சொந்தக்காரர் என்ன செய்தார், இவ்வளவு போதும். ‘யார் தப்பு’ என்று ஒரு பத்தி வேண்டாம். ‘எதனால்’ என்று ஒரு பத்தி இருக்கட்டும். காண்டிராக்ட் தொழிலாளியின் காயத்தையும் வெளிமாநிலத் தொழிலாளியின் காயத்தையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். அவர்களுக்காகச் சொல்ல ஆள் குறைவு. பெண் தோழர்கள் தங்கள் உபாதைகளைச் சொல்லப் பெண் தோழரே நோட்டு வைத்திருக்க வேண்டும். நோய் விவரத்தைப் பெயரோடு வெளியே காட்டக் கூடாது. காட்டினால் வேலை போகும். வெளியே போவது எண்ணிக்கை மட்டுமே.

மாதம் ஒரு முறை உட்கார்ந்து வாசியுங்கள். எது அதிகமோ அதில் ஒன்றை, ஒன்றை மட்டும், கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள். கொடுத்த தேதியையும் குறியுங்கள். அடுத்த மாதம் மறுபடி எண்ணுங்கள். பாதுகாப்புக் கமிட்டி உள்ள மில்லில் நம் பிரதிநிதி டீ குடிக்கப் போகாமல் இந்த நோட்டோடு போக வேண்டும்; நிர்வாக ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் நோட்டில் 12, அவர்கள் ரிஜிஸ்டரில் 3 என்றால், மீதி 9 எங்கே என்பதே நம் முதல் கேள்வி.

காயம்பட்டவர் நஷ்ட ஈடு கேட்டுப் போகும்போது ‘சாட்சி உண்டா’ என்பார்கள். அன்றே எழுதி, கூட இருந்த இருவர் கையெழுத்திட்ட ஒரு வரி அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிவதற்குக் காரணமாகலாம்.

அடுத்த மாத வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு கிராமமும் எழுதிய நோட்டோடு வர வேண்டும். பேச்சு இத்துடன் போதும். நோட்டுகள் பின்னால் மேஜை மேல் இருக்கின்றன; போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.